வால் போட்ட ஒன்பது

— …லிஃப்ட்ல ஆறு பேர் இருந்தாங்கண்ணே. நான் உள்ள ஏறினேன். ஆறு பேருக்கும் திடீர்னு படியில நடக்கணும்னு ஆசை வந்துடுச்சு.

— உடம்புக்கு நல்லதுதானே, மேடம்.

— சிரிக்காதீங்க.

— உங்களுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க, தெரியுமா?

— என்ன பேரு?

— வேண்டாம் விடுங்க…

— அட, சொல்லுங்கண்ணே. விசாரிக்க வந்த வக்கீலுக்கு இதெல்லாம் காது மரத்துப்போன விஷயம்.

— தொத்துவியாதி.

— ம்… நல்லாத்தான் இருக்கு.

— உங்க பக்கத்துல உக்காந்தா விசாரணை தொத்திக்குமாம்.

— அப்போ உங்களுக்கு எப்பவோ தொத்தியிருக்கணும். தினமும் எதிர்ல உக்காந்துதானே சாப்பிடறீங்க?

— ஆமா…

— இன்னிக்கு டப்பாவைத் திறக்கவே இல்லையே?

— பசியில்ல. நீங்க சாப்பிடுங்க… அறிக்கை எப்போ குடுக்கறீங்க, மேடம்?

— நாளைக்குக் காலையில.

— எழுதி முடிச்சாச்சா?

— நூத்திப்பத்து பக்கம் முடிஞ்சுது. ஒரு பக்கம் காலியா இருக்கு.

— அதுல என்ன வரணும்?

— யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னது. இந்த ஆபீஸ்ல நாப்பத்தோரு பேரை விசாரிச்சேன். அத்தனை பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி ஞாபகமறதி.

— வேலை போயிடுமேன்னு பயம். பாவம்.

— பாவம்தான். அந்த முதியோர் இல்லத்துல தீப்பிடிச்சப்போ நாலு பேரு புகையில மூச்சுமுட்டிச் செத்தாங்களே, அவங்க? பின்கதவுல பூட்டு. ஆனா இந்த ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஜனவரியில சோதனைக்குப் போய்ப் பார்த்தாராம், மார்ச்சுல போய்ப் பார்த்தாராம். ரெண்டு தடவையும் கதவு திறந்தே இருந்துச்சாம்.

— ரிப்போர்ட் இருக்கே, மேடம். போகாமலா எழுதியிருப்பாரு?

— நீங்களா இதைக் கேக்கறீங்க? கண்ணாடியைப் போட்டுக்கோங்க. இதைப் பாருங்க.

— என்னது?

— அந்த ரெண்டு ரிப்போர்ட்டும்தான். மேல் மூலையில தபால் பிரிவு சீல். ஜனவரி பத்தொன்பது. மார்ச் இருபத்தொன்பது.

— ஆமா. என் சீல்தான்.

— ஒன்பதைப் பாருங்க. வாலைப் பேனாவால போட்டிருக்கு.

— சீல்ல அந்த ஒன்பது உடைஞ்சுபோச்சு, மேடம். சைபர் மாதிரி விழும். நான்தான் வால் போட்டுவிடுவேன். தேதி தப்பாப் போயிடக் கூடாது பாருங்க.

— எப்போ உடைஞ்சுது?

— கை தவறி விழுந்துச்சு…

— எப்போண்ணே?

— அதையும் கண்டுபிடிச்சிருப்பீங்களே.

— இந்த வருஷத் தபால் மொத்தத்தையும் புரட்டினேன். ஜூலை ஒன்பதுல வால் முழுசா இருக்கு. பதினொண்ணாந்தேதி அங்க தீப்பிடிச்சுது. பத்தொன்பதுலேருந்துதான் பேனா. அப்போ ஜனவரி ரிப்போர்ட்டுக்கு எப்படி வால் முளைச்சுது?

— கிண்டலா பண்றீங்க?

— இல்லண்ணே. கெஞ்சறேன். இதை மட்டும் வச்சா, ‘யாரோ பின்னால கிறுக்கிட்டாங்க’ன்னு தள்ளிடுவாங்க. சீல் அடிச்ச கை சொன்னாத்தான் நிக்கும், அண்ணே…

— தீப்பிடிச்சு ரெண்டு வாரம் இருக்கும். இணை இயக்குநர் அவரே கீழ வந்தாரு. ரெண்டு ரிப்போர்ட்டையும் மேஜை மேல வச்சாரு. ‘பழைய தேதியைத் திருப்பி வச்சு அடி’ன்னாரு. அடிச்சேன். அப்புறம் கை பாட்டுக்கு வாலையும் போட்டுடுச்சு.

— இதை எழுதித் தருவீங்களா?

— எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகறேன், மேடம். பென்ஷன் போயிடும்.

— போகலாம்.

— போகாதுன்னு ஒரு பேச்சுக்காவது சொல்லக் கூடாதா, வக்கீலம்மா? பொய் சொல்றது உங்க தொழில்தானே?

— உங்ககிட்ட வேண்டாம்னு பார்க்கறேன்.

— அந்த நாலு பேரைக் கேட்டு யாராவது வந்தாங்களா?

— யாரும் வரல. ஒரு போன்கூட இல்ல.

— ம்…

— டீ சொல்லட்டுமா?

— வேண்டாம். பேனாவைக் குடுங்க. இல்ல, நீங்களே எழுதுங்க. நான் சொல்றேன், கடைசியில கையெழுத்துப் போடறேன்.

— சொல்லுங்க.

— இப்போ சொன்னதெல்லாம்தான். யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க, நான் என்ன பண்ணினேன்… எழுதிட்டீங்களா?

— ம். எழுதிட்டேன். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

— இருங்க. இன்னொண்ணு எழுதணும்.

— என்ன?

— எழுதறதுன்னு ஆயிடுச்சு, அதையும் மறைக்கக் கூடாது… இணை இயக்குநர்தான் என்னை உங்ககிட்ட அனுப்பினாரு. ‘அந்தம்மாவுக்கு எவ்வளவு தெரியும்னு பேச்சுக் குடுத்துப் பாரு’ன்னாரு. தினமும் சாயங்காலம் போய் ஒப்பிச்சிட்டு வந்தேன்.

— ம்.

— திட்டுங்க மேடம். பரவாயில்ல.

— எழுதிக்கிட்டிருக்கேன்.

— எந்தத் தேதியிலேருந்துன்னுதான்… சரியா ஞாபகமில்ல.

— போன மாசம் மூணாந்தேதி. புதன்கிழமை.

— உங்களுக்கு… எப்படி?

— முப்பது வருஷமாக் கீழ உங்க ரூம்லேயே கதவைச் சாத்திட்டுச் சாப்பிடற மனுஷன். அன்னிக்கு லிஃப்ட்கூட ஓடல. முழங்கால் வலியோட நாலு மாடி ஏறி வந்து, எதிர் நாற்காலியைக் காட்டி ‘இங்க யாராவது வராங்களா’ன்னு கேட்டீங்க.

— அன்னிக்கேவா தெரியும்?

— அன்னிக்கேதான்.

— தெரிஞ்சுமா இத்தனை நாள் சிரிச்சுப் பேசினீங்க? எழுந்திரிச்சுப் போய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்?

— சொன்னா போயிருப்பீங்களேண்ணே.