பெராக்சைடு வால்வு

விடிகாலை மூன்று மணி. பத்து காவான் ஊரைத் தாண்டிக் குப்பைமேட்டுக்குப் போகும் மண் ரோடு... நாய்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இது நம் கூட்டாளி சுபாஷினியின் சித்தப்பா மோகனராஜுக்கு நடந்தது.

குப்பையிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரைத் தெளியவைக்கும் ஆலையில் அவருக்கு இரவு வேலை. தொட்டியில் முதலில் அமிலம் ஊற்ற வேண்டும், பிறகு இரும்பு உப்பு, கடைசியில் பெராக்சைடு. அதை மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். அவசரப்பட்டால் தொட்டியே கொதித்துப் பொங்கிவிடும்.

ஆறு மாதத்துக்கு முன் மோகனராஜ் அவசரப்பட்டார். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, கோப்பி கலக்கப் போய்விட்டார். நுரை பொங்கியது. அதே ஷிப்டில் இருந்த அவருடைய கூடப்பிறந்த அண்ணன் தயாளன்தான் மேலே ஏறி வால்வை மூடினார். மூடியும் விட்டார்... கால் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தார்.

விசாரணையில் மோகனராஜ் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணேதான் தொறந்தாரு." செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்? அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங் பிளாட் முழுக்கத் தயாளனைக் கவனமில்லாதவர் என்றது. அண்ணி ஜெகதீஸ்வரி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பாவி மனுஷன் மோகனராஜ், அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டுத் திரும்புவார். கிரீச்... கிரீச்... தானாக மூடிக்கொள்ளும். துருப்பிடித்த இரும்பு வாடை மூக்கில் ஏறும். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். தினமும் இப்படித்தான்.

போன வாரம் அவரால் தாங்க முடியவில்லை. அந்த மூன்று மணிக்கே அண்ணிக்குப் போன் போட்டார்.

"அண்ணி... நான்தான் தொறந்தேன். அண்ணே மேல பழியப் போட்டுட்டேன். என்னை மன்னிக்காதீங்க அண்ணி..." குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.



"தெரியும் தம்பி," என்றார் ஜெகதீஸ்வரி. "ஒங்கண்ணே தெனமும் வந்து வாசல்ல நிப்பாரு. 'சின்னவன ஏசாதே, பயந்துட்டான்லா'ன்னு சொல்லிட்டுப் போவாரு. நீயா சொல்லட்டும்னுதான் நான் வாயத் தொறக்கல."

 மோகனராஜ் போனைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "இந்நேரத்துக்கெல்லாம் வந்துருவாரு. இன்னைக்குத்தான் இன்னும் காணோம்... அங்க ஒங்கூட இருக்காரா தம்பி?"

 அழுது குலுங்கிய மோகனராஜின் முதுகை, பின்னாலிருந்து ஒரு கை மெதுவாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.