அபாதானுக்கும் அபுதாபிக்கும் இடையே

திண்டிவனம் கிளை நூலகத்தின் நூலகராகத் திகழ்ந்து, இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி சவுரியம்மாள் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

உலகை ஊருக்கு உரைத்த உயர்வே! ஐயம் அகற்றிய அறிவே! அஞ்சி ஓடியோரை அமர்த்தி வைத்து ஆறுதல் சொன்ன அன்னையே! வணக்கம்.

இப்படியே இன்னும் இரண்டு பக்கம் எழுதத்தான் எங்களுக்கு ஆசை. ஆனால் சென்ற வாரம் சக பணியாளர்கள் இம்மடலின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது தாங்கள் போட்ட கட்டளை வேறு. "கொணம் கிணம்லாம் அடுக்காத தேவநாதா. நடந்தத எழுது, போதும்" என்றீர்கள். துணை நூலகனாகிய நான் தங்கள் சொல்லை என்றும் மீறியதில்லை. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

பெருமுக்கல்லில் பிறந்து, விழுப்புரத்தில் பணியில் சேர்ந்தீர்கள். அங்கே ஞாயிறுதோறும் தாங்கள் நடத்திய பொது அறிவு வகுப்புக்கு வளவனூரிலிருந்தும் கோலியனூரிலிருந்தும் மிதிவண்டியில் வந்த இளைஞர்கள் பலர் இன்று அரசு அலுவலர்களாக இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். எரிமலை எங்கே, எவரெஸ்டு எங்கே, எந்த நாட்டின் நாணயம் எது என்று அவர்கள் மனப்பாடம் செய்தபோது, "மார்க்குக்குப் படிக்காதீங்க, மனுசனுக்குப் படிங்க" என்று கடிந்துகொண்டவர் தாங்கள்.

திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த பின், அமெரிக்க விண்வெளிக் கூடம் ஒன்று உடைந்து விழப்போகிறது என்று நாடே நடுங்கிய ஆடி நெருங்கும் நாளில், கொல்லையில் வேர்க்கடலை பறிக்க ஆள் வராத கோபத்தோடு உழவர் துரைக்கண்ணு நூலகத்துக்கு வந்தார். "மல்லாட்டை புடுங்க ஒரு ஆளு வர மாட்டன்றாங்கம்மா. எங் கொல்லையில அது வுழுந்தா யாரு கேக்கறது?" என்றார். "பூமியில முக்காவாசி தண்ணி. மீதி இருக்கற தரையில உங்க கொல்லை எம்மாத்தம்? போயி மல்லாட்டையப் பாருங்க" என்று தாங்கள் சிரித்தபடி அனுப்பி வைத்தீர்கள். அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் ஆளற்ற வெளியிலும் விழுந்தது. மறுவாரம் ஒரு கூடை மல்லாட்டை நம் நூலகத்தில் வந்து விழுந்தது!

சிரிக்க முடிந்த நிகழ்ச்சி அது. சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு, செப்டம்பர் இறுதி. ஈரானும் ஈராக்கும் போரில் இறங்கிய வாரம். திண்டிவனத்தில் துணிக்கடை வைத்திருந்த கோட்டக்குப்பத்து ஜெகபர் அலி, செருப்பைக்கூட வெளியே விடாமல் வாசகர் கூடத்துக்குள் ஓடி வந்தார். "லைப்ரரியம்மா! அபுதாபி பத்திக்கினு எரியுதாம். ரேடியோல சொல்லிட்டாங்களாம். எந் தங்கச்சி சாரா வூட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. ஊரே அழுதுக்கினு கெடக்குது!"

தாங்கள் பதறவில்லை. "ரேடியோல என்ன பேரு சொன்னாங்க? நெனச்சிப் பாத்து சொல்லுங்க" என்றீர்கள்.

"அபாதா... அபுதா... ஏதோ ஒண்ணும்மா. டீக்கடையில கூட்டம், செரியா கேக்கல."

"அபாதானா?"

"அதாங்க!"

அடுத்த கணம் சுவரிலிருந்த உலகப் படத்தைக் கழற்றிச் சுருட்டினீர்கள். நூலகப் பொருளை வெளியே எடுத்துச் செல்ல விதி இல்லையே என்று நான் இழுத்தேன். "உலகப் படம் ஒண்ணுன்னு எம்பேர்ல எழுதிக்கோ, திருப்பிக் குடுத்துட்றேன். நீயும் கெளம்பு" என்றீர்கள். மூவரும் புதுச்சேரிப் பேருந்தைப் பிடித்துக் கோட்டக்குப்பத்தில் இறங்கினோம்.

சாரா பீவியின் வீட்டில் இழவு விழுந்தது போலவே இருந்தது. திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத அந்தப் பெண்ணிடம், தாலியாகக் கழுத்திலிருக்கும் கருகமணியைக் கழற்றிவிடும்படி உறவினர் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தனர். அவரோ இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு, "அவரு மவுத்தாயிட்டாருன்னு யாரு பாத்தது? நான் கழட்ட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

தாங்கள் நடுவாசலில், உள்ளே பெண்களும் வெளியே ஆண்களும் பார்க்கும்படி, படத்தை மாட்டச் செய்தீர்கள். "எரியறது அபாதான். ஈரான் நாட்டு எண்ணெய் ஊரு. வளைகுடாவுக்கு இந்த உச்சியில இருக்குது. உங்க மாப்ள இருக்கற அபுதாபி இதோ, கீழ. அது வேற நாடு, அங்க சண்டையே இல்ல. மெட்ராசுக்கும் கன்யாகுமரிக்கும் இருக்கற தூரத்தவிட இது அதிகம். கருகமணியத் தொடாதீங்க யாரும்."

சாரா பீவி எழுந்து வந்து, தாங்கள் காட்டிய இரண்டு ஊர்களையும் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இடைவெளியைத் தடவினார். பிறகுதான் அழுதார். வீடு முழுவதும் மூச்சு திரும்பியது.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "அம்மா, பஸ்ரா எங்க இருக்குது?"

கேட்டவர் ஃபாத்திமா பீவி. அவருடைய கணவர் சிக்கந்தர் பாட்சா சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். பஸ்ராவுக்குப் போவதாகக் கடைசியாகத் தகவல் அனுப்பியிருந்தார். தங்கள் முகம் மாறியதை நான் கண்டேன். சொல்லவேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினேன். தாங்கள் என்னைப் பார்த்துவிட்டு, அவரையே பார்த்தீர்கள்.

"அபாதானுக்குப் பக்கத்துலதாம்மா. ரெண்டும் ஒரே ஆத்தங்கரையில. டைகிரிசும் யூப்ரடீசும் ஒண்ணா சேந்து ஓடற ஆறு."

"புராத்து நதியா? கர்பலா சண்டையில தண்ணி குடுக்காம தடுத்தாங்களே, அந்த ஆறா?"

"அதேதான், யூப்ரடீசுதான் புராத்து. ஆத்துக்கு பஸ்ரா பக்கம் ஈராக்கு, அபாதான் பக்கம் ஈரான். கப்பல் இப்ப கடலுக்கு வர முடியாது. ஆனா மனுசங்க வரலாம். நெல வழியா கொவைத்து பக்கந்தான். அதுக்கு என்ன வழின்னு பாக்கலாம்."

"ஒரு நல்ல வார்த்த சொல்லக் கூடாதாம்மா? நாக்குல ஈரமே இல்லியா?" என்று ஒரு மூதாட்டி சீறினார். ஃபாத்திமா பீவி அவர் கையைப் பிடித்து அடக்கினார். "வுடுங்க மாமி. நெசத்த சொல்லிட்டாங்க. இனிமே என்னா செய்யறதுன்னு பாக்கலாம்."

திரும்பும் பேருந்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தாங்கள் அழுததை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை. "தப்பா சொல்லிட்டனா தேவநாதா?" என்று கேட்டீர்கள்.

பதிலைத் தாங்களே தேடினீர்கள். மறுநாள் தொலைபேசி நிலையத்தில் காத்திருந்து, பம்பாயிலுள்ள கப்பல் நிறுவனத்துக்கு டிரங்க் கால் போட்டீர்கள். கப்பல் இருபத்தைந்தாம் தேதியே பஸ்ராவை விட்டுப் புறப்பட்டுவிட்டது, கடலில் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். கேட்டதும் நான் மகிழ்ந்தேன், தாங்கள் மகிழவில்லை. "இருபத்திரண்டாந்தேதி சண்ட மூண்டதுலேர்ந்து அந்த ஆத்துல போக்குவரத்தே இல்லன்னு எல்லாப் பேப்பர்லயும் போட்டிருக்கான். அப்புறம் இருபத்தஞ்சாந்தேதி இது மட்டும் எப்டி வெளிய வரும்? இவங்க கணக்குல அந்த ஆளுங்க பத்திரமா இருந்தா, அவங்கள யாரும் தேட மாட்டாங்களே!" என்றீர்கள்.

அன்றிலிருந்து தங்கள் ஓய்வு நாளெல்லாம் அதற்கே போனது. சார் ஆட்சியர் அலுவலகம், சென்னைத் தலைமைச் செயலகம், நாடாளுமன்ற உறுப்பினர் வீடு என்று ஃபாத்திமா பீவியை உடன் அழைத்துக்கொண்டு ஏறி இறங்கினீர்கள். கப்பல் ஆற்றுக்குள்தான் சிக்கியிருக்கிறது, அதில் நம்மவர் இருக்கிறார்கள் என்று பெயரோடும் ஊரோடும் டெல்லிக்கு மனு போட வைத்தீர்கள். "இவங்க உங்களுக்கு என்னா உறவு?" என்று ஓர் அதிகாரி கேட்டதற்கு, "வாசகருங்க" என்று பதில் சொன்னீர்கள். ஃபாத்திமா பீவிக்கு எழுத்தே தெரியாது!

தை பிறந்த பிறகு ஒரு நண்பகலில், எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் ஃபாத்திமா பீவியோடு நூலகத்துக்கு வந்தார். சிக்கந்தர் பாட்சா. சாலை வழியாகக் குவைத்துக்கும், அங்கிருந்து விமானத்தில் பம்பாய்க்கும் வந்து சேர்ந்திருந்தார்.

"நாங்க இருக்கமா செத்தமான்னே யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்மா. குண்டு வுழற சத்தத்த கேட்டுக்கினே தூங்குவோம். ஒருநாளு நம்ம தூதரகத்து ஆளு ஒருத்தரு கப்பலுக்கு வந்தாரு. 'கோட்டக்குப்பம் சிக்கந்தர் பாட்சா யாரு?'ன்னு கேட்டாரு. எம் பேரும் ஊரும் அவ்ளோ தூரத்துல கேட்டதும் அப்டியே ஒக்காந்துட்டேன்."

தாங்கள் அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, டீ வாங்கி வர என்னை அனுப்பினீர்கள்.

அம்மையீர்! அவ்விருவரும் இன்று இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். சிக்கந்தர் பாட்சா மீண்டும் கப்பலுக்குத்தான் போகிறார், பிழைப்பு அது. ஆனால் சற்றுமுன் ஃபாத்திமா பீவி எங்களிடம் சொன்னதை இவ்வவை அறியட்டும்: "இப்பல்லாம் எந்த ஊரு, எந்தக் கடலு, பக்கத்துல எந்த நாடுன்னு என்னாண்ட சொல்லாம இவரு பொட்டியக் கட்ட முடியாது. நான் கேப்பேன்."

அறிவை அலமாரியில் அடுக்கி வைப்போர் பலர். அதை அழுகின்ற வீட்டின் வாசலுக்கு ஏந்திச் சென்றவர் தாங்கள்! இனிப்பான பொய்யை எவரும் சொல்வர். கசப்பான மெய்யைச் சொல்லிவிட்டுக் கடைசிவரை கூட நின்றவர் தாங்கள்!

நூறாண்டு நோயின்றி வாழ்க! கண்ணொளி குன்றாமல், கால்வலி அணுகாமல், கணவர் பச்சைமுத்து அவர்களோடும் மக்களோடும் மகிழ்ந்து வாழ்க! சென்னைக்கு வடக்கே தாங்கள் ஒருமுறையும் போனதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். விடுப்பு எடுக்க நினைத்தபோதெல்லாம் நூலகத்தைப் பூட்ட மனம் வராமல் நின்றுவிட்டீர்கள். இனிப் பூட்டு எங்கள் பொறுப்பு. கங்கையைப் பாருங்கள், இமயத்தைப் பாருங்கள், கடல் தாண்டியும் போய் வாருங்கள். அங்கிருந்து தாங்கள் அனுப்பும் செய்திக்குக் காத்திருக்கும் வாசகர்கள் இனி நாங்கள்.

நன்றி மறவா நெஞ்சினராய்,
நூலகப் பணியாளர்கள் அனைவரின் சார்பில்
தேவநாதன், துணை நூலகர்
திண்டிவனம், 30 ஜூன் 1987