எந்தப் பக்கம் புதுசு

மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றபோது, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஏறி என் முன்சீட்டில் சரிந்தார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்த களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது. நானும் கண்ணை மூடத்தான் பார்த்தேன். “எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்” என்று அவன் சொன்னதும் தூக்கம் போய்விட்டது.

“வெளையாடாத. புரோகிராம்ல பழைய வரி சிவப்பு, புது வரி பச்சைன்னு பக்கத்துப் பக்கத்துல காட்டுது. அப்புறமும் நான் ஒரு வாரமா எழுதுனதை எப்படிடா தூக்குன?”

“நெஜமாத்தான். ரெண்டும் எனக்கு ஒரே மண்ணு கலரு. சின்ன வயசுலேர்ந்தே.”

“அப்ப இத்தனை நாளா பழைய ஃபைலையும் புது ஃபைலையும் எப்படி ஒண்ணா சேத்து மெர்ஜ் பண்ண?”

“இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. அதை வச்சுத்தான். இப்ப புது டூல் போட்டாங்கல்ல, அதுல பக்கத்தை மாத்திட்டாங்க. எது பழசுன்னு மேல ஒரு வார்த்தை எழுதல, கலர் மட்டும்தான். நான் பழக்கத்துல வலது பக்கத்தையே எடுத்துட்டேன், அதுதான் இப்ப பழசு.”

கண்டக்டர் வந்தார். அவளே இரண்டு டிக்கெட் வாங்கினாள். பிறகு அவனிடம் கேட்டாள்.

“டீம் லீடுகிட்ட சொல்லிட்டியா?”

“எதை? தப்பையா, கண்ணையா?”

அவள் ஒரு டிக்கெட்டை அவனிடம் நீட்ட, அவனே தொடர்ந்தான்.

“தப்பைச் சொன்னா திட்டுவாரு. கண்ணைச் சொன்னா, பாவம்னு வேற வேலைல ஒக்கார வச்சிடுவாரு. நான் திட்டே வாங்கிக்கறேன்.”