கள்ளிக்கு மூன்று கரண்டி

– செத்துப்போச்சான்னு மட்டும் சொல்லுங்கக்கா. நான் கண்ணைத் திறக்கிறதா இல்லை.

– கதவையே நீ இன்னும் முழுசாத் திறக்கலை, புதுமாப்பிள்ளை. கொஞ்சம் நகரு. உன் முதுகைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல?

– ஜன்னலோரமா ஏழு கள்ளித் தொட்டி இருக்கும். எதுல உயிர் இருக்குன்னு பாருங்க. மேடம் ஒன்பதரைக்கு வந்துடுவாங்க.

– மூணு மாசப் பயிற்சிக்குப் போறவங்க, ரூம் சாவியை உன் கையில கொடுத்து என்ன சொல்லிட்டுப் போனாங்க?

– பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொட்டிக்கு மூணு கரண்டி தண்ணி.

– நீ எத்தனை கரண்டி ஊத்தினே?

– நான் ரூமையே திறக்கலைக்கா.

– ஒரு வெள்ளிக்கிழமைகூடவா?

– அந்த வெள்ளிக்கிழமைதான்க்கா எனக்கு ஊருக்கு பஸ். அஞ்சு மணி வண்டியை விட்டா, வீட்டம்மா முகத்தைப் பார்க்க இன்னும் பதினஞ்சு நாள். கல்யாணமாகி எட்டு மாசத்துல அவகூட இருந்தது நாற்பத்தொரு நாள், சத்தியமா எண்ணி வச்சிருக்கேன். படியிறங்கும்போது கள்ளி ஞாபகம் வரும். திங்கக்கிழமை ஊத்திக்கலாம்னு தோணும். திங்கக்கிழமை அவ ஞாபகமாவே இருக்கும்.

– இதையெல்லாம் அவகிட்ட சொல்லியாவது தொலைச்சியா?

– ஒரு தடவை போன்ல, “இங்கே ஒரு கள்ளியைப் பார்த்துக்கணும், அதான் லேட்”னு சொல்லிட்டேன். எந்தக் கள்ளின்னு கேட்டு ரெண்டு நாள் பேசலை.

– சரி, மேடம் போன் பண்ணிக் கேட்டப்ப என்ன சொன்னே?

– “ஊத்தியாச்சு மேடம்”னு சொன்னேன். ஆறு தடவை.

– உன்னை நான் எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்டா.

– அந்தத் தண்ணியை இதுங்க மேல தெளிச்சிருக்கலாம்லக்கா.

– வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

– பயத்துல வர்றதுக்கா. என் மாறுதல் விண்ணப்பம் அவங்க மேஜை மேலதான் கிடக்கு. வீட்டம்மா ஊர்ல இருக்கிற நம்ம கிளைக்கு. “திரும்பி வந்து பார்க்கிறேன்”னு சொன்னாங்க. வந்து இதைப் பார்த்தா அதைப் பார்ப்பாங்களா?

– அழாதே. ஆறு தொட்டி பச்சையாத்தான் இருக்கு. கொஞ்சம் இளைச்சிருக்கு, அவ்வளவுதான். உன்னை மாதிரியே.

– ஏழாவது? அந்த உருண்டை? மேடம் குண்டன்னு கூப்பிடுவாங்களே.

– இருடா, அதோட தலையில என்னமோ இருக்கு.

– அழுகிடுச்சாக்கா?

– கண்ணைத் திற. பூத்திருக்கு.

– குண்டனா? பதினோரு வருஷமா மொட்டுகூட வச்சதில்லைன்னு மேடம் எல்லார்கிட்டயும் சொல்வாங்களே.

– நீயே பாரு. உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் கலர், நடுவுல மஞ்சள். வழுக்கைத் தலையில எவனோ தொப்பி மாட்டி விட்ட மாதிரி.

– அக்கா, நான் தப்பிச்சேன்.

– நீ தொலைஞ்சே.

– ஏன்க்கா?

– இதக் கேளு. கடைத் தராசுல முத்திரை கோணாமக் குத்துறேன்னு சொல்லியே இந்த எடையளவு ஆபீஸ்ல என்னைப் பதினாலு வருஷமா அசைய விடலை. என்கூட வேலைக்குச் சேர்ந்தவன் முத்திரையைத் தலைகீழாத்தான் குத்துவான். அவன் மூணு ஊர் மாறி இப்ப பெரிய அதிகாரி. உருப்படியா ஒரு ஆள் சிக்கினா மேடம் விட மாட்டாங்க. பூக்காத குண்டனையே பூக்க வச்ச உன்னை விடுவாங்களா? ஓய்வு பெறுற வரைக்கும் இதே ஜன்னலோரம்தான். எட்டாவது தொட்டி நீ.

– ஐயோ. இப்ப என்ன பண்றது?

– பிச்சுப் போடு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பூத்ததே யாருக்கும் தெரியாது.

– பிச்சுடவா?

– கேட்டுக்கிட்டே நிக்காதே. என்ன, முள்ளு குத்துதா?

– முள்ளு இல்லைக்கா. அவங்க தினம் காலையில வந்ததும், பையைக்கூடக் கீழே வைக்காம, குனிஞ்சு இதைத்தான் பார்ப்பாங்க. இந்தப் பூ ஒரு நாள் நின்னாலே பெரிசாம். அவங்க வர்ற அன்னைக்குன்னு பார்த்துப் பூத்திருக்கு. எனக்குக் கை வரலை.

– நீ உருப்பட மாட்டே.

– இருந்துட்டுப் போகட்டும்க்கா.

– போச்சு, செருப்புச் சத்தம் கேட்குது. மூஞ்சியைத் துடை.

– என் ரூம்ல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? ஏன் ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க தம்பி?

– வாங்க மேடம். ஒண்ணுமில்லை மேடம்.

– நகருங்க பார்ப்போம்.

– மேடம், உங்க பை கீழே விழுந்துடுச்சு.

– கிடக்கட்டும். யாரும் பேசாதீங்க.

– நாற்காலி போடவா மேடம்?

– பேசாதீங்கன்னு சொன்னேன்.

– சரி மேடம்.

– பதினோரு வருஷம். எத்தனை உரம், எத்தனை புஸ்தகம். கதவைச் சாத்திக்கிட்டுப் பாட்டுகூடப் பாடியிருக்கேன், குறிச்சுக்கோங்க.

– வெளியே கேட்கும் மேடம். நாங்க யார்கிட்டயும் சொன்னதில்லை.

– நீங்க சும்மா இருங்கம்மா. தம்பி, நீர் ஊற்றும் பதிவேடுன்னு கோடு போட்டுக் கொடுத்துட்டுப் போனேனே, உங்க கக்கத்துல இருக்கிறது அதுதானே?

– இது வந்து மேடம்…

– கொடுங்க. “மூணு கரண்டி. செடி நலம்.” அடுத்தது, “மூணு கரண்டி. செடி மிக்க நலம்.” கடைசியில, “மூணு கரண்டி. செடி மகிழ்ச்சியாகக் காணப்படுகிறது.” அடடா. உங்களை நான் விடுறதா இல்லை, குறிச்சுக்கோங்க. மத்த ஆறும் பூக்கணும். இந்த மாறுதல் விண்ணப்பத்துக்கு இனிமே என்ன வேலை? ரெண்டாக் கிழிச்சுடறேன். பின்பக்கம் வெறுமையா இருக்கு, எப்படி ஊத்தினீங்கன்னு அதுல எழுதுங்க.

– இதக் கேளு, அப்பவே சொன்னேன்ல புதுமாப்பிள்ளை?

– மேடம், கிழிக்காதீங்க. சத்தியமா நான் ஒரு சொட்டுகூட ஊத்தலை.

– என்னது?

– கதவையே இன்னைக்குத்தான் திறந்தேன். பதிவேடு நேத்து மத்தியானம் ஒரே மூச்சுல எழுதினது.

– செடி மகிழ்ச்சியா இருந்ததுன்னு எழுதியிருக்கீங்களே?

– அது நான் மேடம். அப்பதான் வீட்டம்மாகிட்ட பேசியிருந்தேன்.

– அப்போ, செடிக்கு ஊத்தாத தண்ணியை எனக்குக் காட்டியிருக்கீங்க.

– ஆமா மேடம்.

– குளிர் மாசத்துல காயப் போட்டாத்தான் இந்த ஜாதி பூக்கும்னு ஒரு புஸ்தகத்துல இருந்துச்சு. எனக்கு மனசு வரலை. வாடின மாதிரி இருக்கேன்னு ஒரு கரண்டி, பாவமா இருக்கேன்னு இன்னொரு கரண்டி. இத்தனை வருஷம் இதைப் பூக்க விடாமப் பிடிச்சு வச்சிருந்தது நான்தான்.

– மனுஷங்களையும்தான்.

– என்னம்மா சொன்னீங்க?

– தொண்டையில கிச்கிச் மேடம்.

– ம். டைப் மெஷின் முன்னால உட்காருங்கம்மா. பொய்ப் பதிவேடு எழுதினது குத்தம். அதுக்குத் தண்டனை மாறுதல்தான். “இவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.” அடிங்க.

– மேடம், புதுசாக் கல்யாணம் ஆனவன். ஏதோ தெரியாம…

– தெரியாமலா ஆறு தடவை மூணு கரண்டி? தம்பி, உங்க வீட்டம்மா ஊர்ல குழாயில தண்ணி வருதா?

– வாரத்துக்கு ஒரு நாள் மேடம். அதுவும் நூல் மாதிரி. ஏன் மேடம்?

– விண்ணப்பம்னு அனுப்பினா மேலிடத்துல ரெண்டு வருஷம் தூங்கும், தண்டனைன்னு அனுப்பினா சாயங்காலமே கையெழுத்தாகி வரும். அடிங்கம்மா, காடுன்னு வர்ற இடத்துல அந்த ஊர்ப் பேரைப் போட்டு.