சூசையப்பர் எண்ணெய்

பால் விடாத இஞ்சித் தேத்தண்ணி, அந்தப் பிளேன்ரீ போடுவதில் எனக்கு நல்ல கைப்பக்குவம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நீங்களும் பொலிஸ் வேலையாக இல்லாமல் சும்மா வந்திருந்தால் போட்டுத் தந்திருப்பேன்.

லோஜினி என் தங்கை. மட்டக்களப்பிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்குக் கூட்டிவந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. பெற்றவர்கள் இல்லை. நான் நிலம் துடைத்தேன், அவள் பாலே ஆடினாள். இன்று மெற்றோச் சுவரில் ஆளுயரத்துக்கு அவள் படம். கடையில் என்னை வரிசையில் நிற்க விடமாட்டார்கள். "லோஜினியின்ர அக்கா வாறா, வழி விடுங்கோ" என்பார்கள். றெஜினா என்ற பெயர் பலருக்கு மறந்தே போயிற்று. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மாசியில் அவள் பாத எலும்பில் மயிரிழை வெடிப்பு என்றார் வைத்தியர். காலில் நோ நிற்கும்வரை ஆடக்கூடாது. அன்று சமையலறையில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. முழுசா உடைஞ்சா நடக்கவும் ஏலாதாம். ஆட்டத்தை விடப்போறன்."

"சரி, பாப்பம்," என்றேன். அவள் காலுக்குப் பயந்தாள். நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

மறுநாள் புனித சூசையப்பர் தேவாலய மரப்படிகளில் முழந்தாளில் ஏறி, நோய் தீர்க்கும் என்று அங்கே விற்கும் எண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கிவந்தேன். தினமும் அவள் பாதத்தில் பூசிச் செபித்தேன். கூடவே, என் முதுகுக்கு எழுதித்தந்த கடும் வலிமாத்திரையைப் பொடியாக்கி அவள் பிளேன்ரீயில் கலந்தேன். இஞ்சியும் சீனியும் கசப்பைக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாம் நாள் அழுதுவிட்டாள். "அக்கா, நோவே இல்லை. சூசையப்பர் கேட்டிட்டார்."

நான் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தேன். வைத்தியரிடமும் நோ இல்லை என்றாள். அவளளவில் அது பொய்யில்லை. அவர் எலும்பைத் திரும்ப எக்ஸ்றே படம் எடுக்கச் சொன்னார். இன்றைக்கு நாளைக்கு என்று நாள் கடத்தியது நான். அதற்கிடையில் அவள் திரும்ப ஆடத் தொடங்கிவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் மேடை ஏறுமுன் என் கையைப் பிடிப்பாள். "அக்கா, இது என்ர கால் மாதிரியே இல்லை. பயமாக் கிடக்கு."

"நம்பாட்டிச் சூசையப்பர் கோவிப்பார்," என்பேன். கையை விட்டுவிட்டு மேடைக்கு ஏறிப்போவாள்.

கடைசி ஆட்டத்தில் நான் மேடையோரம் அவள் சால்வையோடு நின்றேன். ஒரு சுழற்சியில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, சுள்ளி முறிவதுபோல. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தபடி சுற்றினாள். சப்பாத்தின் நுனி சிவந்துகொண்டு வந்தது. திரை இறக்குகிறவர் எனக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றார். நான் சொல்லவில்லை. சனம் கைதட்டியது, ஆட்டம் முடியட்டும் என்று இருந்தேன். பதினொரு நிமிடம்.

எலும்பு நொறுங்கிக் கிருமி பிடித்து, ஆஸ்பத்திரியில் பாதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் வாசலுக்கு வந்தாலே கத்துகிறாளாம், என்னைக் கண்டுதான் பயமாம், தாதி சொல்கிறா. அப்படியில்லை. அது நோவில் கத்துவது. நோ அவளுக்குப் பழக்கமில்லை, பாவம். கையெழுத்து எங்கே வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன், என்னை மட்டும் அவள் பக்கத்தில் இருக்க விடுங்கள். அவளுக்கு நோகாமல் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யாரும் இல்லை.