பிரின்சி சுவரேறிக் குதித்த காலை

பெயர்: முத்துப்பேச்சி, வயது 27, தகப்பனார் பெயர் சின்னக்கருப்பு. நிரந்தர முகவரி சுருளிப்பட்டி, கீழத்தெரு. தற்போது தேனியில் விளையாட்டு மைதானத்துக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். தொழில்: தடகள வீராங்கனை, ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். பயிற்சியாளர் அய்யாத்துரை தாக்கப்பட்ட வழக்கில் நேரில் பார்த்த சாட்சியாக அழைக்கப்பட்டு, 14.06.2025 அன்று பெண் உதவி ஆய்வாளர் முன்பு நானாக மனமுவந்து கூறியது.

நான் பன்னிரண்டு வருடமாக அய்யாத்துரை சாரிடம் பயிற்சி எடுத்து வருகிறேன். மாவட்டத்தில் என் தூரத்தில் நான்தான் முதலாவதாக இருந்து வந்தேன். நான்கு வருடங்களுக்கு முன்பு போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வின் என்பவர் தன் மகள் பிரின்சியைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவளை என்னுடன் ஒரே வீட்டில் தங்கச் செய்தார்கள். கையை எப்படி வீசுவது, கடைசிச் சுற்றுக்கு மூச்சை எப்படி மிச்சம் வைப்பது என்பதெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது வருடம் அவள் என்னை இரண்டு வினாடி வித்தியாசத்தில் முந்தினாள், அதன்பிறகு பதினோரு வினாடி, அதன்பிறகு நாற்பது வினாடி. அவள் கோட்டைத் தாண்டியதும் சார் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு அவளிடம் போய்விடுவார். நான் ஓடி முடித்த நேரத்தை நானே மைதானத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொள்வேன். ஒரு கம்பெனியார் அவளுக்கு இரண்டு ஜோடி ஷூ அனுப்பினார்கள். அதில் ஒரு ஜோடியை என் அளவு சொல்லி வாங்கி எனக்குக் கொடுத்தாள். சரியாகத்தான் இருந்தது. நான் அதை ஒரு நாளும் போடவில்லை.

சென்ற வருடம் அக்டோபர் மாதம் மைதானத்தில் ஊக்கமருந்து பற்றி வகுப்பு நடந்தது. சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பிடிகொடுக்காமல் தப்பி ஓடினால், மருந்து எடுத்தவருக்கு உள்ள அதே நான்கு வருடத் தடை விதிக்கப்படும் என்றும், தப்ப உதவியவருக்கும் தடை உண்டு என்றும், வாங்கும் மருந்தைத் தடைப் பட்டியலில் எப்படிச் சரிபார்ப்பது என்றும் சொன்னார்கள். பிரின்சி காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருந்ததால் வகுப்புக்கு வரவில்லை. நான் வீடு திரும்பியதும் கடையில் வாங்கிய இருமல் டானிக்கை என்னிடம் கொடுத்து, இதில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். நான் அன்று மாலையே போனில் பார்த்தேன். தடை செய்த மருந்து எதுவும் அதில் இல்லை. அவள் தூங்கிவிட்டதால் சொல்லவில்லை.

மறுநாள் 22.10.2024 காலை சுமார் ஆறு மணிக்கு ஒரு ஆண் அதிகாரியும் ஒரு பெண் அதிகாரியும் வாசலில் வந்து நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பிரின்சியைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். என் பெயரை அவர்கள் கேட்கவில்லை. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போனேன். பிரின்சி பல் விளக்கிக் கொண்டிருந்தாள். நான் அவளிடம், "ஏடி, டெஸ்ட் எடுக்க வந்திருக்காக. அந்த டானிக்குல தடை பண்ணுன மருந்து இருக்குடி. இப்ப சாம்பிள் குடுத்தா மாட்டிக்கிருவ. நாலு வருசம் போயிரும்" என்று சொன்னேன். அவள், "இப்ப என்னக்கா செய்ய?" என்று கேட்டாள். நான் பின்சுவரைக் காட்டினேன். சுவர் உயரமாக இருந்ததால் என் கையைக் கோத்து அவள் கால் வைக்கக் கொடுத்தேன். அவள் சுவர்மேல் ஏறியபோது நான் விலகி வந்துவிட்டேன். அந்நேரம் பின்பக்கம் வந்த பெண் அதிகாரி, "பிரின்சி, நில்லும்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கமாகக் குதித்து ஓடிவிட்டாள். அதன்பிறகு அதிகாரிகள் நடந்ததைப் படிவத்தில் எழுதினார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு விசாரணை நடந்து மார்ச் மாதம் பிரின்சிக்கு நான்கு வருடத் தடை விதித்தார்கள். யார் சொல்லி ஓடினாய் என்று கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை, பயத்தில் ஓடினேன் என்று கூறினாள். மைதானத்தில் எங்களுடன் சேர்ந்து பயிற்சி எடுக்கவும் கூடாது என்றாகிவிட்டதால் வீட்டைக் காலி செய்து போடிக்குப் போய், அப்பாவின் கடையில் உட்கார்ந்தாள். தேசியப் போட்டிக்கு அவள் இடத்தில் என் பெயர் வந்தது. அன்று மைதானத்தில் என் பெயரை மைக்கில் வாசித்தபோது காது கேட்காதவள் போல நின்று, இரண்டாம் முறை வாசிக்க வைத்தேன்.

பிரின்சி சுவரேறி ஓடிய அன்று காலை சார் வழக்கம்போல் பயிற்சிக்காகப் பிரின்சிக்குப் போன் செய்திருந்தார். அதை வைத்து, அவளை ஓடச் சொன்னது அவர்தான் என்று அவளுடைய அண்ணன் கிங்ஸ்லி நம்பி வந்திருக்கிறார். சார் சொல்லவில்லை என்று பிரின்சி எவ்வளவோ கூறியும் கேட்கவில்லை. 11.06.2025 மாலை ஐந்தரை மணிக்கு மைதானத்தின் வாசலில் கிங்ஸ்லி சாரை மறித்து, "எங்க பாப்பாவ ஓடச் சொல்லிட்டு நீங்க மட்டும் இங்கன நின்னு விசில் ஊதுறீகளா?" என்று கத்தினார். சார், "நான் சொல்லலப்பா, சத்தியமா சொல்லல" என்றார். நான் சாருக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். உண்மை தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் வாய் திறக்கவில்லை. கிங்ஸ்லி கையில் இருந்த இரும்புக் கம்பியால் சாரின் இடது முழங்காலில் இரண்டு முறை அடித்தார். எலும்பு முறிந்தது. கிங்ஸ்லியை அன்றே கைது செய்தார்கள்.

இன்று காலை சாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரின்சி அங்கே சாருக்கு இட்லி ஊட்டிக் கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வராண்டாவுக்குக் கூட்டிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க என்னையக் காப்பாத்தத்தான சொன்னீக. அண்ணனுக்காகக்கூட உங்க பேர நான் சொல்ல மாட்டேன். சொன்னா உங்களுக்கும் தடை போட்ருவாக. தடை முடியும்போது எனக்கு இருபத்தஞ்சு வயசுதான். இந்த வருசம் நீங்க ஓடுங்க" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அப்போதும் என் மனதில் முதலில் பட்டது, இருபத்தைந்து வயதில் வந்தாலும் இவள் என்னை முந்திவிடுவாள் என்பதுதான். அப்படி நினைத்தது எனக்கே அருவருப்பாக இருந்தது. படியிறங்கி, ஆட்டோ பிடித்து நேராக இங்கே வந்தேன்.

பிரின்சியை ஓடச் சொன்னது நான். சாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த வாக்குமூலத்தின் நகலைத் தடை விதித்தவர்களுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனை வரும் என்று வகுப்பில் கேட்டுத் தெரிந்துதான் சொல்கிறேன்.

எழுதியதை உதவி ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் அவளை ஓடச் சொன்னதற்குக் காரணம் என்ற இடத்தில் ‘முன்விரோதம்’ என்று எழுதியிருந்தது. நான், "விரோதமெல்லாம் இல்ல மேடம். எங்களுக்குள்ள ஒரு சண்டகூட வந்ததில்ல. பொறாமைனு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தச் சொல்லை அடித்துத் திருத்தினார். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வைத்துள்ளேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சி. முத்துப்பேச்சி