இரண்டு முனைச் சாவி

அருப்புக்கோட்டை வெயிலில் ஒரு நன்மை உண்டு சார், லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. பூஞ்சைகூட இந்த ஊரில் பிழைக்க முடியாமல் போய்விடும். இங்கே வருகிற பழைய லென்ஸ்களில் கிரீஸ்தான் காய்ந்துபோய், ஃபோகஸ் வளையம் காலையில் என் இடுப்பு இருப்பதைப் போல இறுகிக் கிடக்கும். பிரித்துத் துடைத்து, புதுக் கேமராவில் மாட்டுகிற மாதிரி அடியில் ஒரு வளையம் கடைந்து போடுவதுதான் என் தொழில். மேஜையில் எறும்பு ஊர்ந்தால் ஊதிவிடுவேன், நசுக்க மாட்டேன். நீங்கள் சிரிக்கலாம்.

உங்கள் முன்னால் இருப்பது லென்ஸ் பிரிக்கிற சாவி. இரண்டு எஃகு முனைகள், இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் இருக்கும். முனைகளை அதில் வைத்து, முதலில் நன்றாக அழுத்தி, பிறகு இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அழுத்தாமல் திருப்பினால் வழுக்கும், கண்ணாடி கீறிப்போகும். அந்தப் பொறுமையில் பாதியை வீட்டில் காட்டக் கூடாதா என்பாள் என் மனைவி பிருந்தா.

திருச்சுழியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பொன்ராஜ் ஒரு பழைய ரஷ்ய லென்ஸ் கொண்டுவந்தான். செய்து கொடுத்தேன். அதை மாட்டிப் பரளச்சியில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறான். நடுவில் நின்ற மாப்பிள்ளையும் பொண்ணும் பளிச்சென்று விழுந்திருக்கிறார்கள். ஓரத்தில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் எண்ணெயில் கரைந்த மாதிரி. சொந்தக்காரர்கள் கரைந்தால் நல்லதுதானே என்றேன். அவன் சிரிக்கவில்லை. உள்கண்ணாடி ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனாம்.

எந்தப் பக்கம் மேடு அதிகம் என்று தெரிய, கண்ணாடியை டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்போம். மேடான பக்கத்தில் விளக்கின் பிம்பம் சின்னதாகத் தெரியும். எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் கலங்கலாக இருந்தது, அது டியூப் லைட்டின் கோளாறு.

கடை நிறைய ஆள் இருக்கையில் பொன்ராஜ் கையைத் தூக்கி விரல் காட்டினான்.

"அண்ணாச்சி, இது எத்தனைன்னு சொல்லுங்க பாப்போம்."

"மூணு."

"ரெண்டு. ஏலே, அண்ணாச்சிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. இனி லென்ஸ மதுரைக்குக் கொண்டு போங்கலே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டைவிரலையும் சேர்த்துத்தான் மூன்று என்றேன், ஆனால் அதை அப்போது விளக்கினால் எடுபடாது. லென்ஸைச் சரிபண்ணி வைக்கச் சொல்லிப் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கடைக்கு ஈ வந்தது, ஆள் வரவில்லை. இந்தத் தொழிலில் கண் போனவன் என்று பெயரெடுத்தால் செத்த மாதிரிதான்.

நேற்று மத்தியானம் அவன் வந்தான். வாசல் வெளிச்சத்தை மறைத்து நின்றால் என்ன, அந்தத் தோளும் நடையும் எனக்குத் தெரியாதா.

"லென்ஸ வாங்கிட்டுப் போக வந்தேன் அண்ணாச்சி. நடந்தத மனசுல வச்சுக்காதீக" என்றான்.

இவ்வளவு பணிவு அவனுக்குப் பழக்கமில்லை. நடிக்கிறான் என்று புரிந்தது. முக்காலியில் உட்கார வைத்தேன். அவன் கொண்டுவந்த கேமராவில் லென்ஸை மாட்டிக் கொடுத்து, பாலவனத்தம் பக்கத்துச் செல்போன் டவரைப் பார்க்கச் சொன்னேன். நடுவில் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிக் கேமராவை இறக்கினான். முகம் என் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

சாவியின் முனைகளை இரண்டு கண்களுக்கு உள்ள இடைவெளிக்கு முதல் நாளே விரித்து வைத்திருந்தேன். நன்றாக அழுத்தினேன். பிறகு இடப்பக்கமாகத் திருப்பினேன். வழுக்கவில்லை.

அவன் போட்ட சத்தத்தைக் கேட்க முடியவில்லை சார். யாரும் வேதனைப்படுவது எனக்குப் பொறுக்காது. மேஜையில் சாமான்களை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த இரும்பு வைஸைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். சத்தம் நிற்கும்வரை போட்டேன். பிறகு லென்ஸில் தெறித்திருந்த ரத்தத்தைத் துடைத்தேன். காயவிட்டால் கோட்டிங் போய்விடும்.

நான்தான் கொன்றேன். குடிக்கவில்லை, கோபமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள்தான் வேறு கதை சொல்கிறீர்கள். செத்தது பொன்ராஜின் தம்பி ஹரியாம். அண்ணன் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கச் சேவுப் பொட்டலத்தோடு வந்த பையனாம். அந்த உள்கண்ணாடியும் இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறதாம்.

வாசலில் நின்று அழுகிற ஆள்தான் பொன்ராஜ் என்கிறீர்கள். இங்கிருந்து பார்த்தால் எனக்கு ஒரு கான்ஸ்டபிள்தான் தெரிகிறார். கொஞ்சம் கிட்டே வரச் சொல்லுங்கள் சார், கை எட்டும் தூரத்துக்கு. பார்த்துச் சொல்கிறேன்.